மாதிரி மாணிக்கத்தின் கடைவாய்ப்பல்

அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்திய கம்பெனிக்கு மாடியில் ஒரே ஒரு அறை. பல் டாக்டர்களுக்கு சாப்ட்வேர் எழுதுவது தொழில். எழுதியது ஒழுங்காக ஓடுகிறதா என்று தானாகவே பார்த்துச் சொல்லும் டெஸ்டுகள் அக்காவின் பொறுப்பு. அதற்காக மாதிரி மாணிக்கம் என்று ஒரு போலி நோயாளியை உண்டாக்கியிருந்தாள். முதல் டெஸ்ட் அவரைப் பதிவு செய்யும். அடுத்தது நேரம் ஒதுக்கும். அதற்கடுத்தது கடைவாய்ப்பல்லைப் பிடுங்கும். கடைசி டெஸ்ட் ஆளையே அழித்துவிடும். மாணிக்கம் தினமும் பிறந்து, பல்லைப் பறிகொடுத்து, போய்ச் சேர்வார். எல்லாம் சரி என்று திரை முழுக்கப் பச்சை காட்டும்.

ஒரு காலையில் திரை முழுக்கச் சிவப்பு. ஒரு டெஸ்ட் செத்தவருக்கு நேரம் ஒதுக்கப் போயிருந்தது. இன்னொன்று பிறக்காதவரின் பல்லில் கை வைத்து, சாப்ட்வேரையே கவிழ்த்திருந்தது.

"யாருடா வரிசையில கை வச்சது?"

"நான்தான்," என்றான் தம்பி, தலையைத் தூக்காமல். "தினமும் வரிசையைக் கலைச்சுப் போட்டு ஓட வச்சிருக்கேன். ஒவ்வொரு டெஸ்டும் தன் கால்ல நிக்கணும்க்கா. ஒண்ணு முதுகுல இன்னொண்ணு சவாரி பண்ணக்கூடாது."

"உலகத்துல எவனாவது பேரைச் சொல்லாம பல்லைப் பிடுங்கிக்குவானா?"

தம்பி தோளைக் குலுக்கிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினான். அதையே வெற்றியாக எடுத்துக்கொண்ட அக்கா, எல்லா டெஸ்டுக்கும் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டுக் கட்டிப்போட்டாள். சிவப்பு ஓடிப்போனது. மறுநாள் தம்பி புதிதாக ஒரு டெஸ்ட் எழுதி, அதற்கும் ஒன்றாம் நம்பரையே கொடுத்தான். இரண்டு ஒன்றாம் நம்பர்களும் முட்டிக்கொண்டு மறுபடி சிவப்பு. இருவரும் முதுகோடு முதுகு உட்கார்ந்துகொண்டு மெசேஜில் சண்டை போட்டார்கள்.

சண்டை சூடுபிடித்த நேரத்தில் அவர்களுடைய முதல் வாடிக்கையாளரான டாக்டரம்மா போன் செய்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"உங்க சாப்ட்வேர் மூர்ச்சையாகிக் கிடக்கும்மா."

"என்ன பண்ணீங்க டாக்டர்?"

"ஒருத்தர் தாடையைப் பிடிச்சுக்கிட்டு அலறிக்கிட்டே வந்தார். அவர்கிட்ட உட்கார்ந்து பேரா கேட்டுக்கிட்டிருக்க முடியும்? பிடுங்கிட்டேன். பிடுங்கினதைக் கம்ப்யூட்டர்ல போட்டேன். அவ்வளவுதான், சாஞ்சிடுச்சு."

"இப்ப பேர் கேட்டுப் பாருங்களேன்."

"வாய் நிறையப் பஞ்சு. எப்படிச் சொல்வார்?"

பின்னால் தம்பியின் நாற்காலி குலுங்கும் சத்தம் கேட்டது. அக்காவுக்குக் காது மடல் சுட்டது. பிறக்காதவரின் பல்லில் கை வைத்த டெஸ்ட் அன்றைக்குச் சிவப்பாகக் கத்தியது இதைத்தானே. நம்பர் போட்டு அதன் வாயை அடைத்தது அவளேதான்.

"சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறோம், டாக்டர்," என்று வைத்தாள். பிறகு திரும்பாமலே, "சிரிச்சு முடிச்சதும் நாற்காலியை இந்தப் பக்கம் போடு," என்றாள்.

"கொஞ்சம் பொறுக்கா. இன்னும் பாக்கி இருக்கு."

ஒருவழியாக அவன் வந்து உட்கார்ந்தான். நம்பர்களை எல்லாம் பிடுங்கி எறிந்தார்கள். ஒவ்வொரு டெஸ்டும் தனக்கு வேண்டிய நோயாளியைத் தானே கொண்டுவந்து, வேலை முடிந்ததும் தானே அனுப்பிவைக்க வேண்டும் என்றானது. பேர் தெரியாதவருக்கும் பல் பிடுங்கலாம் என்று சாப்ட்வேரையும் பழக்கினார்கள். பொழுது சாய்வதற்குள், எப்படிக் கலைத்துப் போட்டாலும் பச்சைதான்.

"வரிசை விஷயத்தை நாலு பேர்கிட்டச் சொல்லிக்கிட்டுத் திரியாதே," என்றாள் அக்கா.

"சேச்சே. அம்மாகிட்ட மட்டும்தான் சொல்லுவேன்," என்று தம்பி போனைக் கையில் எடுத்தான்.