சிக்னலில் முனகும் கார்

கார் ஓடும்போது ஒரு தொந்தரவும் இல்லை, நின்றால்தான் முனகும். சிக்னலில் பிரேக்கில் கால் வைத்து நிறுத்தினால் போதும், முன்பக்கம் எங்கிருந்தோ ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் கிளம்பும். அதைக் கேட்டாலே மலர்விழி பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்ப்பாள். புருஷன் தனேஷ் கடைசியாக முனகியதும் அப்படித்தான்.

அன்றைக்கு அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்து சீட்டில் சாய்ந்திருந்தான். வீடு இருந்த ஜெஞ்சாரோமிலிருந்து கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு இவள்தான் காரை ஓட்டினாள். வழியில் லோரிகளுக்கு நடுவே நகர வழியில்லாத ஜேம். சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது, பானெட்டிலிருந்து ஆவி பொங்கியது, கார் அப்படியே செத்துப்போய் நின்றது. ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது புருஷனின் கை சில்லிட்டுவிட்டது.

மாமியார் பவுனம்மாள் அன்று பிடித்த பேச்சை இன்னும் விடவில்லை. “தண்ணி பாத்து ஊத்தாம வண்டிய எடுத்தா. எம்புள்ளைய ரோட்டுல போட்டுக் கொன்னுட்டா.” கருமாதி வீட்டில் சொன்னாள், துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்னாள், மருமகள் தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். ஊர் வாய்க்கும் அவல் கிடைத்தது. அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கொடுமை என்னவென்றால், மலர்விழிக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அன்று காலையில் ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தாளா, இல்லையா? பார்த்த மாதிரியும் இருக்கிறது, பார்க்காத மாதிரியும் இருக்கிறது. படுத்தால் தூக்கம் வருவதில்லை. வந்தால் கனவில் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிறாள்.

காரை விற்றுத் தொலைக்கலாம் என்றால் மாமியார் விட்டால்தானே? மகன் உயிர் பிரிந்த இடமாம். ரேடியேட்டர் மூடியை மாற்றியாயிற்று, தெர்மோஸ்டாட்டை மாற்றியாயிற்று. நின்ற இடத்தில் கொதிப்பதும் குறையவில்லை, முனகுவதும் குறையவில்லை. “அவன்தான் கூப்பிடுறான். உனக்குக் கேக்குதா?” என்பாள் பவுனம்மாள் பின்சீட்டிலிருந்து. கேட்காமல் என்ன?

இதை ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்றுதான் மலர்விழி கிள்ளானில் கார் ரிப்பேர் பார்க்கும் ஃபோர்மன் குகனின் ஒர்க்‌ஷாப்புக்குக் காரைக் கொண்டுவந்தாள். பவுனம்மாளும் கூடவே வந்தாள். வராமல் இருப்பாளா? பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஓடுறப்ப சூடாகுதா அக்கா?” என்று கேட்டான் குகன்.

“ஹைவேல ஒண்ணும் ஆகாது அண்ணே. நின்னாதான்.”

“அப்ப ஃபேன்தான்லா. ஓடுனா காத்து தானா வந்து அடிக்கும். நின்னா ஃபேன்தான் இழுத்துக் குடுக்கணும்.”

எஞ்சினை ஓடவிட்டு ஏர்கானைப் போட்டான். முள் மெல்ல மேலே நகர்ந்தது. அப்போது கிளம்பியது அந்த முனகல். மலர்விழி இரண்டடி பின்னால் போனாள். இதோ, என் புருஷன் என்று வாய்வரை வந்துவிட்டது. குகனோ காதைக்கூடச் சாய்க்கவில்லை. ஃபேனுக்கு மின்சாரம் விடும் ரிலேயைக் கழற்றி வேறொன்றை மாட்டிப் பார்த்தான். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, பேட்டரியிலிருந்து நேராக ஃபேன் மோட்டாருக்கு வயர் கொடுத்தான். முனகல் பெரிதானதே தவிர இறக்கை அசையவில்லை. வயரை எடுத்துவிட்டு விரலால் தள்ளிப் பார்த்தான். இறுகிக் கிடந்தது.

“மோட்டார் சுத்தத்தான் பாக்குது, எதுவோ புடிச்சிருக்கு. அதான் இப்புடி முனகுது.”

ஃபேனைக் கழற்றிக் கவிழ்த்தான். இறக்கைக்குப் பின்னால், தண்டைச் சுற்றி, அழுக்கேறிய கயிறு ஒன்று கெட்டியாக இறுகியிருந்தது. குறடால் பிடித்து இழுத்தான். கறுப்பும் சிவப்பும் திரித்த கயிறு, முடிச்சு முடிச்சாக வந்துகொண்டே இருந்தது.

மலர்விழிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தனேஷ் சாவதற்கு முந்தின வாரம் பவுனம்மாள் கோயிலில் மந்திரித்து வாங்கி வந்த கயிறு அது. வண்டிக்குக் கண்பட்டுவிட்டது, என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று, பானெட்டைத் திறக்கச் சொல்லித் தன் கையாலேயே உள்ளே கட்டினாள்.

“நுனி தொங்கியிருக்கும், ஃபேன் இழுத்துச் சுத்திக்கிச்சு,” என்றான் குகன். “யாரு அக்கா கட்டுனது?”

அவள் கயிற்றை வாங்கிக்கொண்டு வாசலில் இருந்த மாமியாரைப் பார்த்தாள். “தண்ணி நெறைய இருந்திருந்தா? அப்பவும் நின்னுருக்குமா?”

“எவ்ளோ ஊத்துனாலும் இப்புடி இருந்தா ஜேம்ல கொதிக்கத்தான் செய்யும்.”

முதலில் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. உடனே ஆத்திரம் ஏறியது. எத்தனை மாதம், எத்தனை பேர் முன்னால். கயிற்றைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்கு விறுவிறுவென்று நடந்தாள். கிழவி மடியில் விட்டெறிந்து, பாரு, உம்புள்ளையக் கொன்னது யாருன்னு பாரு என்று கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான்.

பவுனம்மாள் நிமிர்ந்தாள். “என்னவாம்? தண்ணி இல்லாமத்தானே?”

“தண்ணியால இல்ல அத்தை. ஃபேன் சுத்தல. நான் பாத்து ஊத்தியிருந்தாலும் நின்னுதான் இருக்கும்.”

மாமியார் காரின் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு, “ஏன் சுத்தல?” என்று கேட்டாள்.

பின்னால் குகன் கையைத் துடைத்தபடி இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தான். மலர்விழி மாமியாரைப் பார்த்தாள். மகன் போனபின் கிழவி பாதியாக இளைத்திருந்தாள். சொன்னால் இன்று ராத்திரியிலிருந்து இவளுக்குத் தூக்கம் கிடையாது. அந்த ராத்திரி எப்படி இருக்கும் என்று மலர்விழிக்குத் தெரியும். எதிரிக்கும் வேண்டாம் அது.

“மோட்டார் பழசாம் அத்தை.”

“ஆமா ஆன்டி,” என்றான் குகன், தரையைப் பார்த்துக்கொண்டு. “பழசுலா.”

பவுனம்மாள் எழுந்தாள். மடியிலிருந்த பை கீழே விழுந்தது. “உன்னையப் போயி… வாய் கூசாம சொன்னேனே மலரு,” என்று மருமகளின் கையைப் பற்றினாள். மூடியிருந்த கை. அதை விரிக்கப் பார்த்தாள், விரியவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டாள் போல. “மன்னிச்சிரு தாயி,” என்று அழுதபடி, அந்த மூடிய கையைத் தூக்கித் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். மலர்விழி விரல்களை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.