மிச்ச ரொட்டி

டோரிஸ் அந்த ரொட்டியை வாட்டி, கயா ஜாம் தடவி, தேநீரில் முக்கித் தின்று, தட்டையும் கழுவி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் ரேமண்ட் வந்து, "மேசையில பாதி ரொட்டி இருந்துச்சே, எங்க?" என்று கேட்டார்.

"பசிச்சுச்சு, சாப்பிட்டேன். ஏன், உங்களுக்கு வேணுமா?"

"அது இன்னைக்கு எங்க சர்ச்சுல திருவிருந்துக்கு வச்சது."

மலேசியாவின் கிள்ளானில் அந்த வீட்டுக்கு ஒரே கார், இரண்டு கோயில். ஞாயிறு காலையில் ரேமண்ட் மனைவியைக் கத்தோலிக்கக் கோயில் வாசலில் இறக்கிவிட்டுத் தன் மெதடிஸ்ட் சபைக்குப் போவார். இருபத்தேழு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. இதை வைத்து இருவருக்கும் சண்டை வந்ததில்லை. சண்டைக்கு வேறு விஷயங்கள் தாராளமாக இருந்தன. மாதத்தின் முதல் ஞாயிறு சபையில் திருவிருந்து. ரொட்டி வாங்கி வருவதும், குட்டிக் குட்டிக் கிண்ணங்களில் ரிபேனா பழச்சாறு ஊற்றுவதும் ரேமண்டின் வேலை. பாஸ்டர் பிட்டுக் கொடுத்தது போக மிஞ்சுவதைப் பின்னறையில் அவரே தின்றுவிடுவார். அன்று பார்த்து, அவர் கம்பெனி லோரி பண்டமாரானில் நடுரோட்டில் படுத்துவிட்டதாகப் போன் வந்தது. ரொட்டியைப் பையோடு வீட்டு மேசையில் போட்டுவிட்டு ஓடினார். பூசை முடிந்து கிரேப் டாக்சி பிடித்து வந்த டோரிஸ் கண்ணில் அது பட்டது.

"பரவாயில்ல லா," என்றார் ரேமண்ட். "ஆராதனை முடிஞ்சா அது ரொட்டிதான்."

"அப்ப மிச்சத்தக் குப்பையில போட வேண்டியதுதானே? ஏன் ஒவ்வொரு தடவையும் நீங்களே சாப்பிடுறீங்க?"

"அத எப்படிப் போட முடியும்?"

"ரொட்டிதான்னு இப்பதானே சொன்னீங்க."

ரேமண்ட் தலையைச் சொறிந்தார். நல்ல கேள்வி எதற்கும் அவரிடம் அதுதான் முதல் பதில். பிறகு மெதுவாக, "நின்னுக்கிட்டுதான் சாப்பிடுவேன். அப்ப யார்கூடயும் பேச மாட்டேன். யாரும் சொல்லித் தரல, அப்படியே வந்துருச்சு," என்றார்.

டோரிஸுக்கு அந்த வாரம் வேலையே ஓடவில்லை. வேறு சபையில் நற்கருணை அப்பம் வாங்கக் கூடாது என்பது அவள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த சட்டம். வாங்கியிருந்தால், ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் வருகிற ஞாயிறு தன் கோயிலில் எப்படி வரிசையில் போய் நிற்பது? ஆனால் வாங்கினாளா, வெறுமனே தின்றாளா? மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்து தேடினாள். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் இதே கேள்விக்குத்தான் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ரோமோடு முறித்துக்கொண்ட சீர்திருத்தக்காரர்களே ஒரு ஜெர்மன் கோட்டையில் கூடி, மற்ற எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒத்துப்போய், இந்த அப்பத்தில் மட்டும் ஒத்துவராமல் எழுந்து போனார்களாம். ஒருவர் கிறிஸ்துவின் உடல் என்றார், ஒருவர் அடையாளம் என்றார். டோரிஸுக்குச் சுவாரசியம் தாங்கவில்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் மிச்ச அப்பத்தை என்ன செய்தார்கள் என்று தேடிப் பார்த்தாள். அதை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை போலிருக்கிறது.

வியாழக்கிழமை அவளுக்கு ஒன்று உறைத்தது. அது வெறும் ரொட்டி என்றால் அவள் மேல் தப்பே இல்லை. ஆனால் அப்படியென்றால் ரேமண்ட் இத்தனை வருஷம் கண்ணை மூடிக் கையேந்தி வாங்கியதும் வெறும் ரொட்டி. போன வாரம் கேட்டிருந்தால் அவளே யோசிக்காமல் அப்படிச் சொல்லியிருப்பாள். பின்னறையில் அவர் தனியாக நின்று தின்பதைக் கேட்ட பிறகு வாய் வரவில்லை. தான் தப்பிக்கப் புருஷனைக் காட்டிக்கொடுப்பது போலிருந்தது. அழுகை வந்தது.

சனிக்கிழமை மாலை ரேமண்ட்தான் கோயிலுக்கு அழைத்துப் போனார். அவர் காரில் இருந்தார். உள்ளே பாவசங்கீர்த்தனத் திரைக்குப் பின்னால் ஃபாதர் முழுவதும் கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

"பாவம் செய்ய மனசு வேணும்மா. உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதோட நம்ம போதனைப்படி அது வெறும் ரொட்டிதானே."

"வெறும்னு சொல்லணுமா ஃபாதர்?"

டோரிஸ் திரைக்கு இன்னும் கிட்டே நகர்ந்தாள்.

"அவரு அத நின்னுக்கிட்டுத்தான் சாப்பிடுவாரு ஃபாதர்."

"ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்லுங்கம்மா," என்றார் ஃபாதர் கடைசியில். குரலில் சிரிப்பு போயிருந்தது.

அவள் காரில் ஏறியதும் ரேமண்ட் எஞ்சினைக் கிளப்பினார். "என்ன சொன்னாரு?"

"பாவம் இல்லையாம்."

"நல்லதா போச்சு." கண்ணாடியில் பின்னால் பார்த்து, ரிவர்ஸ் கியரைப் போட்டவர், காரை எடுக்கவில்லை. "ஏன் இல்லையாம்?"

டோரிஸ் சீட்பெல்ட்டைப் பாதி இழுத்தபடி அவரைப் பார்த்தாள். கேலி இல்லை, கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற முகம். பின்னால் அந்த இடத்துக்காகக் காத்திருந்த யாரோ ஹார்ன் அடித்தார்கள். ரேமண்ட் கியரை எடுத்துவிட்டு எஞ்சினை அணைத்தார்.