நிலவறைத் தீவும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும்

பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், குணரத்தினத்தின் மளிகைக் கடைக்குக் கீழே ஒரு தீவு வந்து சேர்ந்தது தை மாதக் கடைசியில். அன்று வெண்டிக்காய் கிலோ ஏழு யூரோ, முருங்கைக்காய் வரவில்லை. நிலவறையின் பின்சுவர் ஈரத்தில் சரிந்து விழ, அதற்கு அப்பால் ஒரு சுண்ணாம்புக் குகையும், குகையின் மறுவாயிலில் மழைக்காடும், காட்டுக்கு அப்பால் கடலும் இருந்தன. குணரத்தினம் முதலில் அரிசி மூட்டைகளைத்தான் பார்த்தார். புழுக்கத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று அவற்றை மேலே ஏற்றினார். கட்டட உரிமையாளரோ, வாடகை ஒப்பந்தம் சுவர் வரைக்கும்தான், தீவுக்குத் தான் பொறுப்பில்லை என்று தொலைபேசியை வைத்துவிட்டார். குணரத்தினத்தின் மனைவி தில்லைநாயகி குகை வாயிலில் ஒரு கறிவேப்பிலைக் கன்றை நட்டாள். பாரிஸில் ஒருவருக்கும் பிழைக்காத அந்தக் கன்று மாசிக் குளிரிலும் தளிர்த்தது. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் அதைத்தான் அதிசயம் என்று வந்து பார்த்துப் போனார்கள்.

பிறகு செசில் என்ற குகை ஆய்வாளர் தூரிகைகளோடு வந்து, தரையை அடுக்கடுக்காகச் சுரண்டத் தொடங்கினார். இது இலங்கைத் தீவின் குகை, கடல் வற்றிக் கிடந்த காலத்தில் நடந்தே வந்து சேர்ந்த மனிதர்கள் நாற்பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே அடுப்பு மூட்டியிருக்கிறார்கள் என்று அவர் பிரெஞ்சில் சொல்ல, குணரத்தினத்தின் மகள் மிருணாளினி அதைத் தகப்பனுக்குத் தமிழில் சொன்னாள். செய்தி பரவியது. பாரிஸில் ஊருக்கொரு சங்கம் உண்டு. சண்டை பிடித்த ஊர்களுக்கு இரண்டு. தீவின் முதல் மனிதன் தங்கள் ஊரவன்தான் என்று ஒவ்வொரு சங்கமும் அறிக்கை விட்டது. ஒரு தலைவர் மாலையோடேயே வந்தார். அகப்பட்ட பற்களை ஆராய்ந்த செசில், அந்த மனிதர்கள் குரங்கும் மரஅணிலும் நத்தையும் தின்று வாழ்ந்தவர்கள் என்று அறிவித்ததும், எல்லாச் சங்கத்தாருக்கும் வேறு வேலை ஞாபகத்துக்கு வந்தது. மாலை கொண்டுவந்தவர் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

குணரத்தினத்துக்கு இதெல்லாம் பெரிதில்லை. அவருடைய கவலை கரிகாலன். லா கூர்னெவ் களஞ்சியத்திலிருந்து கடைக்குச் சாமான் ஏற்றிவரும் அந்த வான் சாரதியைத்தான் கட்டுவேன் என்று மிருணாளினி நின்றாள். தங்கமான பிள்ளை என்று குணரத்தினமே பலரிடம் சொன்னதுண்டு. ஆனால் கரிகாலன் போர்க்கால இடப்பெயர்வில் தெருவோரம் பிறந்தவன். எந்த ஊர் என்று அவனுக்குச் சொல்லித்தரும் முன்பே தாய் தகப்பன் செத்துப்போய்விட்டார்கள். எந்த ஊர், ஊரில் எவடம் என்று கேட்டுத்தானே ஒருவனை எந்தக் கதிரையில் இருத்துவது என்று தீர்மானிக்க முடியும்? வந்தான் வரத்தானுக்குப் பெண் கொடுப்பதா என்று குணரத்தினம் வீட்டில் குமுறினார். மகளின் கரைச்சல் தாங்காமல் மார்க்ஸ் டோர்மோயில் கரிகாலனின் அறைக்கு ஒருநாள் அவளோடு போனார். அவன் தேத்தண்ணி நீட்டினான். “வேண்டாம் தம்பி, இப்பதான் குடிச்சனான்” என்றார். இடம் தெரியாத வீட்டில் கை நனைக்காமல் எழும்புவதற்கு யாழ்ப்பாணத்தார் வைத்திருக்கும் மரியாதையான வசனம் அது. கேட்டவருக்கும் விளங்கும், சொன்னவருக்கும் விளங்கும். ஆறிப்போன அந்தக் கோப்பையை மிருணாளினி எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

தகப்பனுக்கு எப்போதும் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள், திரும்பும் வழியில் தமிழில் பேசினாள். “பங்குனியிலை மெரியிலை எழுதப்போறம், அப்பா. நீங்கள் வராட்டி, அதுக்குப் பிறகு நானும் வரமாட்டன்.” மெரியில், அதாவது நகரசபையில், கல்யாணம் பதிவது அவரைப் பயமுறுத்தவில்லை. அவள் தமிழில் சொன்னதுதான் பயமுறுத்தியது. ஒரே பிள்ளை.

பங்குனி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை மத்தியானம், செசில் துப்புரவாக்கி வைத்திருந்த அந்தப் பழங்கால அடுப்பில் நெருப்பு எரிந்தது. பக்கத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கழுத்தில் சிப்பி மணிகளோடு, நத்தை சுட்டுக்கொண்டிருந்தார். செசில் அவரை அளந்து குறித்துக்கொண்டு, தோண்டுவதற்குக் கயிறு கட்டியிருந்த அடுத்த சதுரத்துக்கு நகர்ந்தார். பருப்பு எடுக்க இறங்கிய குணரத்தினத்தை அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். கடையில் இத்தனை வருடம் பேசியதெல்லாம் தரைவழியே கீழே ஊறியிருந்ததால், அவருக்கு யாழ்ப்பாணத் தமிழ் நன்றாக வந்தது.

“அண்ணை எந்த ஊர்?”

குணரத்தினம் நெஞ்சை நிமிர்த்தி ஊரைச் சொன்னார். அதை இங்கே எழுதினால் சங்கத்தார் வழக்குக்கு வருவார்கள்.

“அதிலை எவடம்?”

கோயிலடி, வடக்கு வீதி என்றார் குணரத்தினம், இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து. குகைக்காரர் நத்தையைத் திருப்பிப் போட்டு யோசித்தார்.

“நாங்கள் அங்கை போய்ப் பாத்தனாங்கள், அண்ணை. பத்தைக் காடும் முயலும்தான். நீங்கள் பிறகு வந்த ஆக்கள் போலை.”

குணரத்தினம் விடவில்லை. உபசாரத்தில் குறை வைக்காதவர். மேலே ஓடிப்போய், நல்ல கோப்பையில், சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினார். குகைக்காரர் கோப்பையைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

“வேண்டாம் அண்ணை. இப்பதான் குடிச்சனான்.”

தேயிலை என்ற ஒன்றை உலகம் அறிவதற்கு முந்திய மனிதர் அவர். குணரத்தினத்தின் முகம் எரிந்தது. குரங்கு தின்னுகிற ஒருவன் தன்னை எந்தக் கதிரையிலும் இருத்தவில்லை என்பது அவருக்கு நன்றாகவே விளங்கியது. மார்க்ஸ் டோர்மோய் அறையில் ஆறிப்போன கோப்பையும் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவர் வெட்கப்பட்டார்.

அந்த நேரம் கரிகாலன் பருப்பு மூட்டையோடு இறங்கி வந்தான். அவனிடமும் அதே கேள்வி. தெரியாது, வழியில் பிறந்தவன் என்றான் அவன். நாங்களும் வழியில் பிறந்தவர்கள்தான் என்று குகைக்காரர் ஒதுங்கி இடம் விட்டு, இலையில் ஒரு நத்தையை வைத்து நீட்டினார். கரிகாலன் மூட்டையை இறக்கிவிட்டு, குந்தி இருந்து தின்றான். குணரத்தினம் கோப்பையோடு நின்றார். நின்று களைத்து, தானும் குந்தினார்.

“எனக்கும் ஒண்டு தாரும்.”

குகைக்காரர் கரிகாலனிடம் திரும்பினார். “இவர் உம்மடை ஆளோ?”

கரிகாலன் அவசரப்படவில்லை. வாயிலிருந்ததை மென்று விழுங்கினான்.

“ஓம். எங்கடை ஆள்தான்.”

அதன் பிறகுதான் இலை குணரத்தினத்தின் பக்கம் வந்தது. வெள்ளிக்கிழமையில் மச்ச மாமிசம் தொடாத மனிதர், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

கல்யாண எழுத்து சொன்னபடி பங்குனியில் நடந்தது. மெரியில் மாப்பிள்ளை பக்கத்துக் கதிரைகளில் குகைக்காரர் மட்டும் இருந்தார், சிப்பி மணிக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு. செசில் பெண்வீட்டார் பக்கம் இருந்தார். தீவு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அரிசியை இப்போது எபினேயில் ஒரு களஞ்சியத்தில் வைக்கிறார்கள். பின்னேரங்களில் குணரத்தினம் கீழே ஒரு தேத்தண்ணி அனுப்புவார். அவர் கொண்டுபோனால் குகைக்காரர் இப்போதுதான் குடித்ததாகச் சொல்லிவிடுவார் என்பதால், மருமகனின் கையில் கொடுத்துத்தான் அனுப்புகிறார்.