சிவப்புச் செருப்பில் இரண்டு பேர்

நகரப் பேருந்து ஓட்டும் அந்த அம்மாவுக்கு நெடுநாளாக ஓர் ஆசை இருந்தது. முதுகுக்குப் பின்னால் யாரும் உட்காராத ஒரு வண்டியை ஓட்ட வேண்டும். பயணிகளின் கூச்சல் இல்லாமல், முதுகில் யார் குடையும் குத்தாமல், தானும் சாலையும் மட்டும். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு, பல கை மாறிய ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் மலிவாகக் கிடைத்தது. கதவு இரண்டே இரண்டு. சிவப்பு நிறம் வெயிலில் வெளுத்திருந்தது. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி பாதிதான் இறங்கும். பின் இருக்கை என்று பேருக்கு ஒன்று இருந்தது. அதில் ஒரு பூசணிக்காயை உட்கார வைக்கலாம்.

தையல்காரரான அவள் கணவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

“என்ன இது, தரையோட தரையா ஒட்டிக்கிட்டு இருக்கு? காருன்னு சொல்லி ஒரு செருப்பை உன் தலையில கட்டிட்டான்.”

“செருப்பை யாராவது தலையில கட்டுவாங்களா? பேசாம ஏறுங்க.”

அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது. தையல் எந்திரத்தை மிதித்து மிதித்து அவருடைய முழங்கால் இறுகிப்போயிருந்தது. ஒரு காலை உள்ளே வைத்துக் குனிந்தவர் பாதியில் மாட்டிக்கொண்டார். எதிர்வீட்டு அண்ணன் தம்பிகள் வந்து இழுத்து எடுத்தார்கள். தெருவே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு வண்டிப் பக்கமே போகவில்லை. “எனக்கு பஸ்ஸே போதும்மா. அதுல ராஜா மாதிரி ஏறலாம்” என்பார்.

விடுமுறை நாளில் அவள் தனியாகக் கிளம்புவாள். பேருந்தின் பெரிய ஸ்டியரிங்குக்குப் பழகிய கைகளுக்கு அந்தச் சின்ன வளையம் விளையாட்டுச் சாமான் போல இருக்கும். வண்டி தொட்டால் பாயும். ஆற்றுப் பாலத்தில் காற்று முகத்தில் அடிக்கும்போது, “பாத்தீங்களா?” என்று பக்கத்தில் திரும்புவாள். அங்கே அவளுடைய கைப்பை இருக்கும். உடனே வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். பின்னால் யாரும் வேண்டாம் என்றுதான் அவள் கடவுளிடம் கேட்டிருந்தாள். பக்கத்திலும் யாரும் வேண்டாம் என்று கேட்கவில்லை.

கடைசியில் விற்றுவிட முடிவு செய்தாள். பேருந்துப் பணிமனைக்கு எதிரே முடிதிருத்தும் கடை வைத்திருந்தவருக்கு அந்த வண்டி மேல் ஒரு கண் இருந்தது. அவரிடம் சொல்லியாயிற்று.

“எனக்காக விக்காதே” என்றார் கணவர், ஊசியில் நூல் கோத்தபடி.

“உங்களுக்காக இல்ல. எனக்காகத்தான்.”

சாவியை ஒப்படைக்கக் கிளம்பிய காலையில் அவள் மனம் சாலையில் இல்லை. கைகள் தமக்குத் தெரிந்த வேலையைச் செய்தன. தினமும் ஓட்டும் தடத்திலேயே போய், மார்க்கெட் நிறுத்தத்தில் ஓரம் கட்டி, ஒழுங்காக நிறுத்தின. வரிசையில் நின்றவர்கள் குனிந்து பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. கிளம்புவதற்குள் ஒரு கைத்தடி கண்ணாடியைத் தட்டியது.

“என்ன டிரைவரக்கா, பஸ்ஸு தண்ணியில நனைஞ்சு சுருங்கிடுச்சா?”

சலவைக் கடை நடத்தும் பெண். இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து தடி ஊன்றி நடப்பவள். அவள் ஏறி உட்கார்ந்து தடியை மடியில் வைக்கும் வரை டிரைவரம்மா பேருந்தை நகர்த்த மாட்டாள். பின்னால் எத்தனை ஹாரன் அடித்தாலும் சரி.

“பழக்கதோஷத்துல நிறுத்திட்டேன்மா. வாங்க, கடையில விட்டுடறேன்” என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஐயோ, உங்களால இதுல ஏற முடியாதே!”

“நீங்க கதவைத் திறங்க, சொல்றேன்.”

சலவைக்காரி தன் பையிலிருந்து, வெளுத்த துணிக்குப் போடும் பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து இருக்கையில் விரித்தாள். காருக்கு முதுகைக் காட்டி நின்று, பின்பக்கமாக மெல்ல உட்கார்ந்தாள். பிறகு இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கி ஒரு திருப்பு. உறை வழுக்கியது, ஆள் உள்ளே வந்தாயிற்று.

“அடேயப்பா! இதை எங்க கத்துக்கிட்டீங்க?”

“ஆஸ்பத்திரியில நர்ஸு சொல்லிக் குடுத்தாங்க. முதல்ல உடம்பு, அப்புறம் காலு. எல்லாரும் காலை முதல்ல விட்டுட்டுத்தான் மாட்டிக்கிறோம்.”

போகும் வழியில் டிரைவரம்மா தன் கணவர் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்ல, சலவைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். கடை வந்ததும் கதவைத் தடவினாள். “மணி எங்கக்கா இருக்கு? என் ஸ்டாப் வந்துடுச்சு.” இறங்கியவள் உறையை இருக்கையிலேயே விட்டுவிட்டாள். “டிக்கெட்டுக்கு பதிலா வச்சுக்கங்க. அண்ணனுக்கு உதவும்.”

நாம் காட்டும் பொறுமை எங்கே போய்ச் சேருகிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். அன்று அது ஒரு பிளாஸ்டிக் உறையாகத் திரும்பி வந்தது.

வண்டி முடிதிருத்தும் கடைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பியது.

“என்ன, அதுக்குள்ள வித்துட்டியா?”

“எழுந்து வாங்க. சலவைக்கடைக்காரம்மா ஒரு வழி சொல்லி, இந்த கவரையும் குடுத்திருக்காங்க. வண்டிக்கு முதுகைக் காட்டுங்க.”

எதிர்வீட்டு அண்ணன் தம்பிகள் இழுப்பதற்குத் தயாராக வந்து நின்றார்கள். தையல்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். காலைத் தூக்கினார். சர்ரென்று திரும்பினார். கண்ணைத் திறந்தபோது உள்ளே இருந்தார். அண்ணன் தம்பிகள் ஏமாந்து வீட்டுக்குப் போனார்கள்.

அவர் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். பிறகு, “முடிவெட்டறவருக்கு வாக்குக் குடுத்திருக்கியே, அவருக்கு என்ன பதில்?” என்றார்.

“அதுதாங்க உறுத்துது. போன் பண்ணிடவா?”

“போன்ல வேணாம். நேர்ல போவோம். திட்டினா ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்கலாம்.”

முடிதிருத்துபவர் கத்தரிக்கோலோடு வெளியே வந்தார். விஷயம் கேட்டதும் முகம் வாடிவிட்டது. அதற்குள் தையல்காரர் காலைத் திருப்பி இறங்கி, நேரில் மன்னிப்புக் கேட்க நடந்தார். உறையும் கால்சட்டையில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. அதைப் பார்த்த முடிதிருத்துபவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“நான் காரைத்தான் வாங்கறேன்னு சொன்னேன். வீட்டுக்காரரும் சேர்ந்து வந்தா நான் எங்கக்கா வச்சுக்கறது? கொண்டு போங்க. ஒரு நாள் என்னையும் பாலம் வரைக்கும் கூட்டிட்டுப் போங்க, போதும்.”

பாலத்தில் காற்று அடித்தது. “பாத்தீங்களா?” என்று திரும்பினாள்.

“பாத்தேன், பாத்தேன். நீ ரோட்டைப் பாரு” என்றார் அவர், இருக்கையைப் பிடித்துக்கொண்டு. “ஆனா இந்த கவர் சத்தம்தான் தாங்கலை. வழுக்குற லைனிங் துணி மிச்சம் இருக்கு, நாளைக்கே ஒண்ணு தைக்கிறேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “இல்ல, ரெண்டு. அந்தச் சலவைக்கடைத் தங்கச்சி தன் கவரை நமக்குக் குடுத்துடுச்சே.”