துணி பிடிக்கிறவள்

என் அக்கா திருட்டு கேசட் போட்டவள். சினிமாப் பாட்டு கேசட் இல்லை, வீடியோ கேம் கேசட். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அவளுக்கும் கிடையாது.

டிவியோடு சேர்த்து விளையாடுகிற பெட்டி அப்போதுதான் வீடுகளுக்கு வர ஆரம்பித்திருந்தது. பெட்டியை எப்படியோ வாங்கிவிடுகிறவர்கள்கூட அசல் கேசட்டின் விலையைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அவர்களுக்காகவே எங்கள் தெருமுனை ரேடியோ கடை முதலாளி, கடைக்குப் பின்னால் ஓர் அறை போட்டு நகல் எடுத்தார். அசலில் இருக்கிற ஆட்டத்தை வெற்றுச் சிப்பில் எழுதி, கறுப்பு டப்பாவுக்குள் வைத்து, மேலே படம் போட்ட சீட்டை ஒட்டினால் தீர்ந்தது. எழுதுகிறவள் அக்கா. அசல் கம்பெனியின் பெயரை அழித்துவிட்டுக் கடையின் பெயரைப் போடச் சொன்னார்கள், அதைச் செய்யப்போய் ஆட்டத்தின் வயிற்றுக்குள்ளேயே கையை விடக் கற்றுக்கொண்டாள். யாரும் சொல்லித்தரவில்லை. எண்களை மாற்றி மாற்றிப் போட்டு, எது எதை அசைக்கிறது என்று அவளே கண்டுபிடித்தாள். சும்மா சொல்லக்கூடாது, அந்த மூளை எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் வரவில்லை. எனக்கு வந்ததெல்லாம் வாய்தான்.

கொஞ்ச நாளில் அவளே ஒரு ஆட்டம் செய்தாள். மாடியில் ஒரு பெண் நிற்கிறாள். கொடியில் துணி காய்கிறது. காற்றடித்துத் துணி பறக்க, தெருவில் விழுவதற்குள் அவள் ஓடி ஓடிப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அதில் சட்டை ஒரு மாதிரி விழும், துண்டு வேறு மாதிரி விழும், குழந்தையின் கவுன் சுற்றிச் சுற்றி ஏமாற்றிவிட்டு விழும். திரையில் ஐந்தாறு சின்னச் சதுரத்தில் வரைந்த கவுன் ஐயா அது! எப்படி அவளால் முடிந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

முதலாளி பார்த்தார், தலையை ஆட்டினார், விற்றுத்தான் பார்ப்போமே என்றார். ஆனால் அதற்கென்று தனியாகச் சீட்டு அச்சடிக்க மனசு வரவில்லை. கார் பந்தயச் சீட்டு கட்டுக் கட்டாக மிச்சமிருந்தது. அதையே எடுத்து ஒட்டி அனுப்பிவிட்டார். கேட்க வேண்டுமா? கார் ஓட்டலாம் என்று ஆசையாக வாங்கிப்போன பிள்ளைகள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாக்கள் வரிசையாக வந்து கடை வாசலில் நின்று கத்தினார்கள். திரும்பி வந்ததையெல்லாம் அழித்துவிடச் சொல்லிவிட்டார் முதலாளி.

அழிப்பது சுலபம். அந்தச் சிப்பின் தலையில் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன்மேல் ஒட்டியிருக்கிற காகிதத்தை உரித்து, ஊதா விளக்கின் அடியில் கொஞ்ச நேரம் வைத்தால் உள்ளே எழுதியது போய்விடும். அக்கா தன் கையாலேயே எல்லாவற்றையும் வைத்து அழித்தாள். அவற்றின்மேல் கார் பந்தயத்தை எழுதினாள். தனக்கென்று ஒன்றைக்கூட எடுத்துவைத்துக்கொள்ளவில்லை. ஏனென்று நான் சண்டை பிடித்ததற்கு, சிப்பு முதலாளியுடையது என்று சொல்லிவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

பிறகு கடை மூடி, அக்கா வேறு வேலைக்குப் போய், பிள்ளை பெற்று, ஓய்வும் பெற்றுவிட்டாள். நான் ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிறவள். ஒருநாள் வண்டியில் கூட்டமில்லை, போனைத் துழாவிக்கொண்டிருந்தேன். பழைய திருட்டு கேசட்டுகளைத் தேடிச் சேர்க்கிறவர்கள் இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எது கையில் இருக்கிறது, எது தொலைந்துபோனது, எது உறுதியாகாதது என்று பிரித்துப் போட்டிருந்தார்கள். உறுதியாகாததில் ஒன்று: 'மாடியில் பெண் துணி பிடிக்கும் ஆட்டம். ஒருவர் சிறுவயதில் விளையாடியதாகச் சொல்கிறார். கேசட் இல்லை. படம் இல்லை.'

அது என் அக்கா செய்த ஆட்டம் என்று அங்கேயே நின்றுகொண்டு எழுதிப்போட்டேன். மறுநாள் பதில் வந்தது. நன்றி, இப்படிப் பலரும் சொல்கிறார்கள், ஆதாரம் இருந்தால் அனுப்பவும். ஆதாரமாம்! உச்சிமுடி நட்டுக்கொண்டது எனக்கு. நேரே அக்கா வீட்டுக்குப் போய், போனை அவள் கையில் திணித்துக் கொட்டித் தீர்த்தேன். அவள் நிதானமாகக் கேட்டாள்.

"டிக்கெட் இல்லாதவனை, பார்த்தா நல்லவனாத் தெரியுறான்னு நீ விட்டுருவியா?"

அப்படிக் கேட்டாளே தவிர, போனை என்னிடம் திருப்பித் தரவில்லை. அந்த ஒருவர் விளையாடியதாகச் சொன்ன வரியையே திரும்பத் திரும்பப் படித்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள்.

"அது நல்ல ஆட்டம்டி," என்றாள். "நான் செஞ்சதுலயே அதுதான் உருப்படி. அதைப் போய் நானே அழிச்சேன். அப்படி ஒண்ணு இருந்துச்சு, அதை நான்தான் செஞ்சேன்னு அங்க ஒரு வரி வந்தாப் போதும் எனக்கு."

இத்தனை வருஷத்தில் அவள் வாயால் இப்படி ஒரு ஆசையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதன்பிறகு விடுவேனா? அந்தப் பக்கத்தை நடத்துகிறவருக்கு நாள் தவறாமல் எழுதி உயிரை வாங்கினேன். அவர் ஒரு பல் டாக்டர். தாங்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்துவிட்டார்.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். மனிதர் அதற்கு இடமே கொடுக்கவில்லை. தணிந்த குரலில், பல்லை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். கார் பந்தயச் சீட்டை ஒட்டிய கதைக்கு வந்ததும் டாக்டரின் முகம் மாறியது. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தக் கடையோட கார் கேசட் என்கிட்ட ஒரு பெட்டி நிறைய இருக்கும்மா. ஒண்ணைத்தான் போட்டுப் பார்த்தேன். மத்ததும் அதேதான்னு மூடி வச்சுட்டேன்."

சேகரிக்கிறவர்களின் பழக்கம் அது. அடிக்கடி செருகினால், பெட்டிக்குள் நுழைகிற கேசட்டின் பித்தளைக் காம்பு தேய்ந்துவிடும் என்று, ஒரே சீட்டு ஒட்டினதையெல்லாம் பூப்போலப் பொதிந்து வைத்துவிடுவார்களாம். அப்படிப் பொதிந்த பெட்டியை வீட்டில் வைத்துக்கொண்டுதான் உறுதியாகாதது என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். இதை மறைக்காமல் அவரே சொன்னார் பாருங்கள், அங்கேதான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கடைக்குத் திரும்பி வராத துணி ஆட்டம் ஒன்றாவது அதில் இருக்குமா என்று பார்க்க, அப்போதே எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கிளினிக்குக்கு மேலே ஓர் அறை. ஓரமாகப் பழைய டிவி, அதோடு சேர்த்து விளையாடுகிற பெட்டி, கைப்பிடி. ஒவ்வொரு கேசட்டையும் எடுத்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் காம்பைத் துடைத்து, செருகினார். கார் வந்தது. அடுத்ததிலும் கார். சிலதில் ஒன்றுமே வரவில்லை, வெறும் கறுப்பு. கேசட் வைத்திருந்த பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது. அக்கா திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன் கையையே பார்க்க ஆரம்பித்துவிட்டாள். இவளை எதற்காகக் கிளப்பிவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்போது டிவியிலிருந்து உஸ்ஸென்று காற்று வீசியது.

மாடி. கொடி. ஓரத்தில் சின்னதாக ஒரு பெண். அக்கா எழுந்து நின்றுவிட்டாள். நான் என்ன கத்தினேனோ தெரியாது, கீழே நோயாளிக்குப் பல் கட்டிக்கொண்டிருந்த டாக்டரின் மனைவி, அவரும் பல் டாக்டர்தான், என்னமோ ஏதோவென்று ஓடி வந்துவிட்டார். சட்டை சட்டை மாதிரியே விழுந்தது. அந்தக் கவுன் அதே பழைய ஏமாற்று வேலையைக் காட்டியது. டாக்டரின் கண்ணில் நீர் முட்டியது. இப்படி ஒரு ஆட்டத்தை இந்தச் சின்னச் சிப்புக்குள் அடக்கிய ஆளை வணங்க வேண்டும் என்று வாய்விட்டே சொன்னார். சொன்னவர், அக்கா பக்கம் திரும்பாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆட்டம் இருக்குங்கறது உறுதியாயிடுச்சும்மா. ஆனா இதுல எங்கயும் செஞ்சவங்க பேர் இல்ல. எங்கயிருந்தாவது நகல் எடுத்ததான்னு கேப்பாங்க. நீங்கதான் செஞ்சீங்கன்னு நான் எப்படி..."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு டாக்டரை விளையாடச் சொன்னாள். அவர் நன்றாகவே விளையாடினார், ஒன்றைக்கூட விடவில்லை. காற்று வேகமாகிக்கொண்டே போனது.

"இப்ப கையை எடுங்க," என்றாள் அக்கா.

எடுத்தால் துணியெல்லாம் தெருவில் விழுந்துவிடுமே என்றார் டாக்டர், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

"விழட்டும். எடுங்க."

மனசே இல்லாமல் எடுத்தார். சட்டை ஒன்று விழுந்தது. துண்டு விழுந்தது. கவுனும் போயிற்று. ஆட்டம் முடிந்துவிடும் என்று நான் நினைத்தேன். முடியவில்லை. உஸ்ஸென்ற சத்தம் மெல்லக் குறைந்து நின்றது. கொடியில் மிச்சமிருந்த துணிகள் அசையாமல் தொங்கின. மாடியில் அந்தப் பெண் இரண்டு அடி நடந்தாள், சுவரில் முதுகைச் சாய்த்தாள், காலை நீட்டி உட்கார்ந்தாள்.

செய்தவளைத் தவிர யாருக்குத் தெரிந்திருக்க முடியும் இது? விளையாடுகிறவன் கையை எடுக்க மாட்டான். எடுத்தவன் டிவியை அணைத்துவிட்டுப் போயிருப்பான்.

டாக்டர் அக்கா பக்கம் திரும்பினார். எதற்காக இதை வைத்தீர்கள் என்று மட்டும் கேட்டார்.

"கொஞ்சம் இடம் மிச்சம் இருந்துச்சு," என்றாள் அக்கா. "நாள் பூரா ஓடிக்கிட்டே இருக்கா. யாரும் அவளை உக்காருன்னு சொல்லப் போறதில்ல. செஞ்சவ நானாவது சொல்லணும்ல."

அக்காவின் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று டாக்டர் கேட்டார். எழுத்து எழுத்தாகக் கேட்டு, அங்கேயே போனில் அடித்துப் போட்டார். உறுதியானது என்று திரையில் வந்ததை அக்காவிடம் காட்டினார். அக்கா அதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மறுபடி டிவியையே பார்த்தாள். ஆட்டத்தை முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் கைப்பிடிக்குக் கையை நீட்டினார். நீட்டியவர் நடுவில் நிறுத்தி, அந்த மாடிப் பெண் எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருப்பாள் என்று கேட்டார்.

"யாராவது தொடுற வரைக்கும்."

டாக்டர் கையை இழுத்துச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.