சின்னிக்குப் போட்ட பச்சை மீன்

காலையிலிருந்து சின்னியால் நேராக நிற்க முடியவில்லை. நாலடி நடந்தால் பின்னங்கால் மடங்கி விழுகிறது. தலை தொங்குகிறது. என் பூனை இப்படித் தள்ளாடுகிறதே என்று அதை வாரி மடியில் வைத்துக்கொண்டேன். யாரோ விஷம் வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, பக்கத்து வீட்டுத் தெய்வநாயகிதான்!

அவளுக்கும் எனக்கும் ரெண்டு மாதமாகப் பேச்சு இல்லை. பிராய்லர் கோழி ஈரலும் முட்டைச்சோறும் வைத்துச் சின்னியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள். ஊசி போட்டு வளர்த்த கோழியை என் பிள்ளைக்குப் போடாதே என்று சொல்லிவிட்டு, பூனையை வீட்டுக்குள் அடைத்தேன். அனுமந்தைக் கரையில் மீன் ஏலம் கூவுகிறவள் நான். வலையிலிருந்து அப்போதுதான் உதிர்ந்த மத்தி, உப்பு இல்லை, மசாலா இல்லை, அடுப்பில்கூட வைக்காமல் ரெண்டு வேளையும் போட்டேன். இதைவிடச் சுத்தமான தீனி எங்கே இருக்கிறது? ஜன்னல் வழியாகத்தான் அவள் எதையோ போட்டிருக்க வேண்டும்.

தெருவில் இறங்கி மண்ணை வாரித் தூற்றினேன்.

"வாயில்லாத ஜீவனுக்கு வெஷம் வெச்சியேடி, நீ நல்லா இருப்பியா?"

தெருவே வெளியே வந்து நின்றது.

"சாமி சத்தியமா நான் ஒண்ணும் வெக்கலக்கா" என்றாள் தெய்வநாயகி.

"சீ, வாய மூடு!"

சின்னியைக் கூடையில் வைத்து ஷேர் ஆட்டோ பிடித்தேன். உப்பளத்தைத் தாண்டும்போது அதன் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. டிரைவரிடம் சீக்கிரம் போ, சீக்கிரம் போ என்று கத்திக்கொண்டே வந்தேன்.

மரக்காணத்தில் கால்நடை டாக்டரம்மா அதன் கண்ணில் லைட் அடித்துப் பார்த்தார்.

"என்னம்மா போடுறீங்க?"

"பச்சை மத்திங்க. ஃப்ரெஷ்ஷு."

"டெய்லி அதேதானா?"

"வேற எதுக்குங்க?"

"அதான் பிரச்சனையே. பச்சை மத்தியையே தின்னா உடம்புல ஒரு வைட்டமின் அழிஞ்சிடும்மா. அது இல்லன்னா இப்படித்தான் வலிப்பு வரும். இது வெஷம் இல்ல."

விடுவேனா? "எங்க தெருப் பூனைங்க எல்லாம் மீன் தின்னுதான வளருது!"

"அதுங்க எலி புடிக்கும், நாலு வீட்ல சாப்பிடும். இது முன்னாடி வேற எதுனா சாப்பிட்டுச்சா?"

"பக்கத்து வீட்ல... ஈரல், முட்டைச்சோறு."

"அதுதாம்மா முன்னாடி இத காப்பாத்தியிருக்கு. அது நின்னதும் இப்படி ஆயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே ஊசி போட்டார். "இனிமே எதுவா இருந்தாலும் வேகவெச்சுப் போடுங்க."

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மத்தியானம் தாண்டித்தான் சின்னி தலையைத் தூக்கி என் விரலை நக்கியது. அங்கேயே அழுதுவிட்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் நேராகத் தெய்வநாயகி வீட்டுக்குப் போனேன். கதவு பாதிதான் திறந்தது.

"தெய்வா, எம்மேலதான் தப்பு" என்றேன் மெதுவாக.

"தெருவே கேக்கத் திட்டினியே. இப்ப மட்டும் எங்காதுல வந்து சொல்றியாக்கா?"

கதவு சாத்திக்கொண்டது.

செத்துப்போகலாம்போல இருந்தது. கூடையை இறக்கிவைத்துவிட்டு நடுத்தெருவில் போய் நின்றேன்.

"எல்லாரும் கேளுங்க! தெய்வநாயகி வெஷம் வெக்கல. எம்பூனைய நான் போட்ட தீனிதான் சாவடிக்கப் பாத்துச்சு. அவ சோறுதான் அத காப்பாத்துச்சு!"

பாதியில் குரல் உடைந்துவிட்டது. கடைசி வீட்டில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து மறுபடியும் கத்தினேன்.