அச்சாறு போடாத வினாகிரி

துறைமுகத்தைப் பார்த்திருந்த அந்த ஹோட்டல் மண்டபத்தில் மருந்துக்குக்கூட ஓர் இறால் இல்லை. ஆனாலும் ஆய்வுகூடப் பணிப்பாளர் மூலைக்கு மூலை வாசனைத் திரவியம் அடித்துக்கொண்டு திரிந்தார்.

இரத்தினசிங்கம் பின் வரிசைக் கதிரையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வுகூட உதவியாளராக இருந்து போன வருசம் ஓய்வு பெற்றவர். கலங்கல் நீரில் சேற்றைத் திரட்டி அடியில் இறக்கும் தூளை, இறாலை உரித்து எறியும் கோதிலிருந்து கலாநிதி பஹ்மியா உண்டாக்கியபோது, கோது இடித்த கை இவருடையது. கொழும்புக் கம்பனிக்காரர் இன்பாஸ் இன்று நேரில் பார்த்துக் கையெழுத்து வைத்தால் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் ஓர் ஆலை வரும். இல்லாவிட்டால் கோப்பு மூன்றாந்தரமும் அலுமாரிக்குள். பஹ்மியா ஓய்வு பெற நாலு மாதம்தான் இருந்தது. நாலாந்தரம் என்று ஒன்று இல்லை.

தூளுக்கு இப்போது மினுங்கும் பையும் வாயில் நுழையாத பெயரும் கிடைத்திருந்தன. அந்தக் காலத்தில் அதற்குப் பெயர் 'நாத்தம்'. கிண்ணியாவுக்குப் பாலம் வராத நாட்கள். கோது மூட்டையோடு இருவரும் படகில் ஏறினால் சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு பாதிப் படகை விட்டுக்கொடுக்கும். "மிஸ், எங்களுக்கு முதலாம் வகுப்பு," என்பார் இரத்தினசிங்கம்.

தூள் வெறுந்தண்ணீரில் கரையாது, அமிலம் வேண்டும். யுத்த நாளில் அமிலப் போத்தலோடு காவலரணைக் கடக்க யாருக்கு இரண்டு உயிர்? கையைப் பிசைந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், பஹ்மியா தன் சோற்றோடு வந்த, புளித்த வினாகிரியில் ஊறிய அச்சாற்றை உற்றுப் பார்த்தார். அன்று தொடக்கம் ஆய்வு முழுக்கக் கடை வினாகிரியில்தான். காவலரணில் கேட்டால், "அச்சாறு போட," என்பார் இரத்தினசிங்கம். ஒரு மிளகாய்கூட ஊறப்போடாமல் அச்சாறுக்காரர் என்று பெயரெடுத்தவர் அவர்.

பஹ்மியா மேடையிலிருந்து விறுவிறென்று வந்தார்.

"அண்ணை, வினாகிரிப் போத்தலப் பணிப்பாளர் சேர் எறிஞ்சிட்டாராம்."

"ஏன் மிஸ்?"

"மணக்குதாம். போத்தல் தண்ணியில கரைக்கட்டாம். அது இன்னும் சுத்தமாம்."

"இவ்வளவு வருசமாக் கோப்பில கையெழுத்து வச்ச மனுசன், உள்ளுக்கு ஒருக்கா எட்டிப் பாத்திருக்கலாம்."

"கதைக்க நேரமில்ல அண்ணை. கம்பனிக்காரர் வந்திட்டார்."

இரத்தினசிங்கம் ஹோட்டல் குசினிக்கு ஓடினார்.

"வினாகிரி என்னத்துக்கு ஐயா?" என்றார் சமையற்காரர்.

"அச்சாறு போட." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

போத்தல் கிடைத்தது. ஆனால் தூள் கரையக் கால் மணித்தியாலமாவது வேண்டும்.

"சேரிட்டக் கொஞ்சம் கூடக் கதைக்கச் சொல்லுங்கோ, மிஸ்."

"அத வேற சொல்ல வேணுமா?"

பணிப்பாளர் பேசினார். கடலைப் பற்றி, நாட்டைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றி, மூன்றுக்கும் தான் செய்தவை பற்றி. மேசைக்குப் பின்னால் இரத்தினசிங்கம் கலக்கிக்கொண்டே இருந்தார். பணிப்பாளரின் பேச்சு ஊருக்கு ஒரு காரியத்துக்கு உதவியது அன்றுதான்.

கண்ணாடிச் சாடியில் குளத்துச் சேற்று நீர் இருந்தது. பஹ்மியா கரைசலை ஊற்றிக் கிண்டினார். சேறு பூப்பூவாய்த் திரண்டு இறங்க, மேலே தண்ணீர் தெளிந்தது. இன்பாஸ் குனிந்து மோந்து பார்த்தார். பணிப்பாளரின் முகம் செத்துவிட்டது.

"வினாகிரியா?"

"ஓம். கடை வினாகிரி," என்றார் பஹ்மியா. "எந்தக் குசினியிலயும் இருக்கும்."

"கரைக்கிறதுக்குச் சனம் அமிலத்துக்கு எங்க போகுமெண்டு கேக்கத்தான் வந்தனான்," என்று சொல்லிக்கொண்டே இன்பாஸ் பேனாவை எடுத்தார்.

பிறகு எடுத்த படத்தில் சாடியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பணிப்பாளர்.

பின்னேரம் இருவரும் ஆலைக்குக் காணி பார்க்கக் கிண்ணியா பஸ்ஸில் ஏறினார்கள். பாலம் தாண்டும்வரை நெரிசலில் கம்பியைப் பிடித்தபடி நின்றார்கள். கீழே பழைய படகுத்துறை தெரிந்தது.

"ஒருத்தரும் இடம் விடுகினமில்ல, அண்ணை," என்றார் பஹ்மியா.

"என்ன செய்யிறது மிஸ்," என்றார் இரத்தினசிங்கம். "நாங்கள் இப்ப மணக்கிறேல்லையே."